சிதம்பரத்தில் பல்கலைக்கழகம் தந்தவர்

இந்த மாதம் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் பற்றி எழுதுகிறேன்.

எங்க வீட்டுப் பரண்மேல ஒரு புத்தகக் கட்டு இருக்கு. எங்க அத்தை கல்யாணத்துக்கு அப்புறம் தபால்ல பி.ஏ. படிச்ச புத்தகங்கள். எல்லாத்திலும் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் என்று போட்டிருக்கும். அது நம்ம திருவண்ணாமலை என்றுதான் ரொம்ப நாளா நினைச்சேன். அது ஒரு மனிதரோட பேர் என்று நூலகத்தில் படிச்ச பிறகுதான் தெரிந்தது.

அவர் 1881-ல் செட்டிநாட்டில் கானாடுகாத்தான் என்ற ஊரில் பிறந்தார். வசதியான வணிகக் குடும்பம். சம்பாதித்த பணம் படிப்புக்கும் போகணும் என்று நினைத்தார். 1920-ல் சிதம்பரத்தில் மீனாட்சி கல்லூரியை ஆரம்பித்தார். அதோடு நிறுத்தவில்லை. தமிழுக்கு ஒரு கல்லூரி, வடமொழிக்கு ஒரு கல்லூரி என்று அடுத்தடுத்து தொடங்கினார். தமிழ்க் கல்லூரிக்கு நம்ம பாடப்புத்தகத்தில் வருகிற உ.வே.சாமிநாத ஐயரே 1924 முதல் 1927 வரை தலைவராக இருந்தார்.

தனித்தனியா இருந்த இந்தக் கல்லூரிகளை ஒன்றாகச் சேர்த்து பல்கலைக்கழகம் ஆக்க அவர் 20 லட்சம் ரூபாய் கொடுத்தார். 1928-ல் சட்டம் வந்தது. 1929-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் பிறந்தது. அவர் தொடங்கிய இசைக் கல்லூரியும் பிறகு அதோடு சேர்ந்தது. அந்தக் காலத்தில் கச்சேரிகளில் தமிழ்ப் பாட்டு குறைவு. அதை மாற்றப் பாடுபட்டு 1943-ல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் அமைத்தார். 1948-ல் மறைந்தார்.

எங்க அக்கா பிளஸ் டூ முடிச்சதும் படிச்சது போதும் என்று வீட்டில் பேச்சு வந்தது. அக்கா ரெண்டு நாள் சாப்பிடவே இல்லை. அத்தைதான் பரணில் இருந்து அந்தக் கட்டை இறக்கி அப்பா முன்னாடி வைச்சாங்க. களை எடுத்துட்டு வந்து ராத்திரியில் படிச்ச கதையைச் சொன்னாங்க. அப்பா ஒண்ணும் பேசலை. மறுநாள் விண்ணப்பம் வாங்க அவரே திண்டிவனம் போனார்.

2021 முதல் நம்ம விழுப்புரம் மாவட்டத்துக் கலைக்கல்லூரிகள் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்துவிட்டன. அதனால அக்கா வாங்கப் போற பட்டத்திலும் அதே பேர்தான் இருக்கும். அடுத்தது என் முறை.

தோழிகளே, பத்தாவதோட நிறுத்திடாதீங்க. நாமும் படிப்போம்!



ஒன்பதாம் வகுப்பு மாணவி,
பெருமுக்கல்