அஞ்ஞாதவாசியின் அகப்பைகள்

அகப்பையைத் தமிழ் மரபு சற்றே இரக்கமின்றி நடத்தியிருக்கிறது. அறவுரையின் அருமை தெரியாத பேதைக்கு உவமை தேடிய நாலடியார், பாற்கூழில் கிடந்தும் அதன் சுவையை உணராத மூழையைக் கண்டது. சித்தர் பாடலிலும் சட்டுவம் அவ்வாறே சுவையறியாப் பொருளாக நின்றது. மூழை, சட்டுவம், அகப்பை, துடுப்பு, கரண்டி எனப் பல பெயர் பூண்ட இக்கருவி, கெங்கவல்லி வட்டாரத்து வீடுகளில் களி கிண்டும் துடுப்பாகவும் கொட்டாங்கச்சி அகப்பையாகவும் தலைமுறை தலைமுறையாகப் பெண்டிர் கைகளில் உழைத்து வந்துள்ளது. உழைத்துத் தேய்ந்தபின் மரமாயின் அடுப்புக்கும், உலோகமாயின் பழைய பாத்திரக்காரரின் தராசுக்கும் போய்ச் சேர்ந்தது. அத்தகைய எளிய பொருளுக்கும் ஒரு வரலாறு உண்டு எனக் கருதித் தம் வாழ்நாளின் பெரும்பகுதியை அதற்கே ஈந்த கவிஞர் ஒருவர் மராட்டிய மண்ணில் வாழ்ந்தார். அவரே தினகர் கங்காதர் கேல்கர்.

பிறப்பும் புனைபெயரும்

கேல்கர் 1896ஆம் ஆண்டில் பிறந்தார். புணே நகரமே அவருடைய வாழ்வுக்கும் பணிக்கும் நிலைக்களமாயிற்று. பேஷ்வாக்களின் தலைநகராக விளங்கிய அந்நகரில், ஆட்சி மறைந்து நூறாண்டு கழிந்த பின்னரும் பழைய வாடாக்கள் எனப்படும் பெருமனைகள் நின்றிருந்தன. அவற்றின் சமையற்கட்டுகளிலும் பரண்களிலும் முன்னோர் புழங்கிய கலங்கள் உறங்கின. அதே நகரில் 1923ஆம் ஆண்டில் மாதவ் ஜூலியன், யஷ்வந்த், கிரீஷ் முதலியோர் கூடி ரவிகிரண் மண்டல் என்னும் கவிஞர் வட்டத்தைத் தோற்றுவித்தனர். புதுக்கவிதை உணர்வு மராத்தியில் துளிர்த்த அக்காலச் சூழலில் கேல்கரும் கவிதை எழுதினார்.

அவர் தமக்கென வைத்துக்கொண்ட புனைபெயர் அஞ்ஞாதவாசி என்பதாகும். பிறர் அறியாவண்ணம் மறைந்து வாழ்பவர் என்பது அதன் பொருள். பாண்டவர் விராட நகரில் ஓராண்டு உருமறைந்து வாழ்ந்த கதையை இப்பெயர் உடனே நினைவூட்டும். அக்கதையில் வீமன் சமையற்காரனாக விராடன் அவையினுள் நுழையும்போது அவன் கையில் இருந்தது அகப்பையேயாகும். கதாயுதம் ஏந்திய கை கரந்துறைந்த காலத்தில் அகப்பை ஏந்தியது. இப்புனைபெயர் கொண்ட கவிஞர் பின்னாளில் அகப்பைகளையும் தேடிச் சேர்த்தது நோக்கத்தக்க பொருத்தமாகும்.

மகனின் பெயர்

கேல்கர் ஏறத்தாழ 1920ஆம் ஆண்டளவில் பழம்பொருள்களைச் சேர்க்கத் தொடங்கினார். பொழுதுபோக்காக நின்றிருக்கக்கூடிய இவ்வார்வத்தை வாழ்க்கைக் கடமையாக மாற்றியது ஓர் இழப்பு. அவருடைய ஒரே மகன் ராஜா சிறுவயதிலேயே இறந்துபோனான். அதன்பின் தாம் சேர்த்த ஒவ்வொரு பொருளையும் அம்மகனின் நினைவுக்கே உரியதாக்கினார். அவர் நிறுவிய அருங்காட்சியகம் இன்றும் ராஜா தினகர் கேல்கர் அருங்காட்சியகம் என்றே வழங்குகிறது. பெயரைக் கேட்போர் யாரோ ஓர் அரசர் சேர்த்த செல்வம் என்று எண்ணக்கூடும். அங்கே ராஜா என்பது மணிமுடியைச் சுட்டும் சொல்லன்று. வளர்ந்து ஆளாகும் பேறு பெறாத ஒரு சிறுவனைத் தந்தை அழைத்த பெயர்.

உண்மையில் அரச குடியினரும் அமைச்சர் குடியினரும் சேர்த்த தொகுப்புகள் வேறு வகையின. ஐதராபாத் நிசாமின் திவானாக இருந்த மூன்றாம் சாலார் ஜங் (1889–1949) திரட்டியவற்றில் வெள்ளிக் கலன்களும் ஐரோப்பியக் கலைப்பொருள்களும் அடங்கும். அத்தொகுப்பு 1951ஆம் ஆண்டில் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. கேல்கருக்கோ அத்தகைய வருவாய் இல்லை. மனைவி கமலாபாயின் துணையோடு நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் ஒவ்வொன்றாகத் தேடிக் கொணர்ந்தார். அவர் கண்கள் பெரும்பாலும் நாடியவை வீட்டுப் பொருள்களே. கரண்டிகள், நீர்க்குடங்கள், விளக்குகள், கிளியும் குதிரையுமாக உருக்கொண்ட பாக்குவெட்டிகள், வெற்றிலைப் பெட்டிகள், குளிக்கும்போது பாதம் தேய்க்கும் உலோகத் தேய்ப்பான்கள், மைக்கூடுகள், பூட்டுகள், கதவுகள், இசைக்கருவிகள் என அத்தொகுப்பு விரிந்தது. பேஷ்வா முதலாம் பாஜிராவ் தம் துணைவி மஸ்தானிக்குக் கோத்ரூட்டில் அமைத்த மாளிகையின் எஞ்சிய பகுதிகளைக் கொணர்ந்து, தம் அருங்காட்சியகத்துள் மீண்டும் பொருத்தி நிறுத்தினார்.

தராசு அறியாதது

இத்தேட்டம் நிகழ்ந்த காலத்தை எண்ணிப் பார்த்தால் அதன் அருமை விளங்கும். பித்தளைப் பாத்திரத்தில் புளிப்புச் சேர்ந்தால் களிம்பு ஏறும். ஆகவே அதற்கு அடிக்கடி ஈயம் பூச வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் எவர்சில்வர் பரவியபோது இத்தொல்லை நீங்கிற்று. தெருவில் கூவி வந்த வணிகரிடம் பழைய பித்தளையைக் கொடுத்துப் புதிய எவர்சில்வரை மாற்றிக்கொள்வது இல்லந்தோறும் வழக்கமாயிற்று. பாட்டி கையாண்ட கரண்டி அவ்வாறு எத்தனையோ வீடுகளைவிட்டு வெளியேறியது. அதனைக் குற்றமென்று கூறுதல் தகாது. ஈயம் பூசியும் புளியிட்டுத் தேய்த்தும் களைத்தவை பெண்களின் கைகளே அல்லவா?

வெள்ளியின் நிலை இன்னும் நுட்பமானது. வெள்ளிக் கரண்டி உணவுக் கருவியாக இருக்கும்போதே குடும்பத்தின் சேமிப்பாகவும் இருக்கிறது. வறட்சி, நோய், மணம் ஆகியவற்றுள் எது வந்தாலும் முதலில் உருகுவது அதுவே. கொலுசுக்குப் பெயர்பெற்ற சேலத்தில், பழைய வெள்ளி உருகிப் புதுக்கொலுசாவதைக் கண்டவர்கள் இதனை எளிதில் உணர்வர். தராசு உலோகத்தின் எடையை மட்டுமே அறியும். காம்பின் முனையில் மயிலைச் செதுக்கிய கைத்திறனுக்கு வாங்கும்போது செய்கூலி உண்டு. விற்கும்போது அதற்கு மதிப்பில்லை. தராசு கைவிட்ட அந்தச் செய்கூலியைத்தான் கேல்கர் காப்பாற்றினார் எனலாம்.

பித்தளையானாலும் இரும்பானாலும் பழைய அகப்பை ஒன்றைக் கூர்ந்து நோக்குவார்க்கு அது பலவற்றைப் புலப்படுத்தும். காம்பின் நீளம் அடுப்பின் சூட்டையும் அண்டாவின் ஆழத்தையும் கூறும். குழியின் அளவு பந்தியின் அளவைக் கூறும். ஒருபுறம் மட்டும் தேய்ந்த விளிம்பு, அதைப் பிடித்தவர் எந்தக் கையால் எத்திசையில் துழாவினார் என்பதைக் கூறும். செய்த கொல்லரின் பெயரோ பயன்படுத்திய பெண்ணின் பெயரோ அதில் இராது. அவர்களும் அஞ்ஞாதவாசிகளே.

ஈந்துவிட்ட செல்வம்

விளக்குகளைப் பற்றி அவர் எழுதிய ஆங்கில நூல் 1961ஆம் ஆண்டில் இந்திய அரசின் வெளியீட்டுப் பிரிவு வாயிலாக வந்தது. மறு ஆண்டாகிய 1962இல் அருங்காட்சியகம் முறையாக அமைந்தது. அதற்குள் அவர் சேர்த்த பொருள்கள் ஏறத்தாழ 15,000 ஆகியிருந்தன. 1975ஆம் ஆண்டில் தொகுப்பு முழுவதையும் மகாராட்டிர அரசிடம் ஒப்படைத்தார். அரை நூற்றாண்டுக்கு மேலாகத் தேடிய தேட்டத்தைத் தம் கண்முன்னரே பொதுவுடைமையாக்கிய பின், மேலும் பதினைந்து ஆண்டுகள் வாழ்ந்து, 1990ஆம் ஆண்டில் தொண்ணூற்று நான்காம் அகவையில் மறைந்தார்.

அங்குள்ள பொருள்கள் இப்போது 20,000க்கும் மேற்பட்டவை. காட்சியில் உள்ளவையோ 2,500 அளவினவே. ஏனையவை காப்பறைகளில் மறைந்துறைகின்றன. கண்ணாடிப் பேழைக்குள் இருக்கும் அகப்பை இனி எவர்க்கும் சோறிடாது என்னும் குறையும் உண்டு. சமையற்கட்டின் ஓசையும் மணமும் இழந்த கருவியை முழுமையானது என்று கூற இயலாது. எனினும் உருகியழிவதா, பேழையில் தங்குவதா என்ற இரண்டே வழிகள் எஞ்சியபோது கேல்கர் இரண்டாவதைத் தேர்ந்தார். மகனை இழந்த தந்தைக்கு, முற்றும் இழப்பதற்கும் நினைவில் காப்பதற்கும் உள்ள வேறுபாடு பிறர் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கவிஞர்க்கு இவ்வாழ்வு உணர்த்துவது ஒன்றுண்டு. புழக்கத்திலிருந்து நழுவும் சொல்லும் புழக்கத்திலிருந்து நழுவும் கலமும் ஒரே வழியில்தான் மறைகின்றன. மூழை என்ற சொல் இன்று அகராதியில் மட்டும் வாழ்கிறது. சட்டுவம் அதனை நோக்கிச் சென்றுகொண்டிருக்கிறது. பத்தாண்டு நிறைவு காணும் இவ்விலக்கிய வட்டத்தின் அன்பர்கள், சுவேத நதிக்கரை ஊர்களின் பரண்களில் எஞ்சியுள்ள கலங்களின் பெயர்களையேனும் மூத்த பெண்டிரிடம் கேட்டு எழுதிவைப்பார்களாயின், அது அந்த மராத்திக் கவிஞருக்குத் தமிழ் செய்யும் தக்க மரியாதையாக அமையும். அகப்பை சுவையறியாதது என்ற பழமொழிவு அவ்வாறே இருக்கட்டும். அதைப் பிடித்த கை சுவையறியும் என்பதையும் எவரேனும் எழுதிவைக்க வேண்டும்.