சுக்கான் பிடித்த கை

1862 மே 13. பொழுது புலர இன்னும் நேரம் இருந்தது. அமெரிக்காவின் தெற்கே, சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் பிளாண்டர் என்ற நீராவிக் கப்பல் ஓசையின்றிக் கட்டவிழ்ந்தது. அடிமை முறையைக் காக்கப் போர் தொடுத்த தென்மாநிலக் கூட்டணியின் கப்பல் அது. வெள்ளை அதிகாரிகள் மூவரும் கரையிறங்கிப் போயிருந்தனர். கப்பல் தலைவனின் வைக்கோல் தொப்பியை அணிந்து தளத்திலே நின்றவன் ஓர் அடிமை! வயது இருபத்து மூன்று. பெயர் ராபர்ட் ஸ்மால்ஸ்.

யார் இந்த ஸ்மால்ஸ்? தென் கரோலினா மாநிலத்துப் பியூஃபர்ட் ஊரில், எஜமானன் மாளிகைக்குப் பின்னாலிருந்த குடிசையில், 1839 ஏப்ரல் 5ல் பிறந்தவன். தாய் லிடியா அந்த வீட்டு அடிமை. பன்னிரண்டு வயதில் அவனைச் சார்ல்ஸ்டனுக்குக் கூலிக்கு அனுப்பினார்கள். தெருவிளக்கு ஏற்றினான், துறைமுகத்தில் மூட்டை சுமந்தான், பாய் தைத்தான், சுக்கான் பிடித்தான். உழைப்பு அவனுடையது, கூலி எஜமானனுடையது! வாரத்திற்கு ஒரு டாலர்தான் அவன் கைக்கு வந்தது. மனைவி ஹன்னாவும் அடிமையே. அவளையும் மகளையும் மீட்க, அவர்களுடைய உரிமையாளன் கேட்ட விலை 800 டாலர். கட்டிய மனைவிக்கும் பெற்ற பிள்ளைக்கும் விலை! சிறுகச் சிறுகச் சேர்த்தும் நூறு டாலர் அளவே தேறியது. காசு கொடுத்து விடுதலை வாங்க முடியாது என்று கண்டவன், கப்பலின் மீது கண் வைத்தான்.

தோழர்களான அடிமை மாலுமிகளோடு கப்பலைக் கிளப்பி, மற்றொரு துறையில் மறைந்திருந்த குடும்பத்தாரை ஏற்றிக்கொண்டான். வழிநெடுகப் பீரங்கிக் கோட்டைகள். ஒவ்வொன்றின் முன்னும் முறைப்படி ஊதல் ஒலித்தான். சம்டர் கோட்டையையும் கடந்து, குண்டு எட்டாத தூரம் போனதும் கொடியை இறக்கி வெள்ளைத் துணியை ஏற்றினான். பதினாறு உயிர்கள் விடுதலை பெற்றன. பீரங்கிகளும் சங்கேதக் குறிப்பேடும் வடக்குப் படையின் வசமாயின. அன்று காலை அவன், அவர் ஆனார்.

வடக்கு அரசு அவருக்கு 1,500 டாலர் பரிசளித்தது. பரிசைப் பெற்று ஒதுங்கி வாழ்ந்தாரா? இல்லை. 1862 ஆகஸ்டில் வாஷிங்டன் சென்றார். கறுப்பரும் படையில் சேர வழி திறக்க வேண்டும் என்று போர் அமைச்சர் ஸ்டாண்டனிடம் மன்றாடினார். 5,000 பேர்வரை சேர்க்கலாம் என்று ஆணை பிறந்தது. 1863 ஏப்ரலில், சம்டர் கோட்டையைத் தாக்கிய கியோகக் என்ற இரும்புக் கப்பலுக்கு வழிகாட்டினார். குண்டுகளால் துளைக்கப்பட்ட அக்கப்பல் மறுநாள் மூழ்கியது, அவர் பிழைத்தார். பின்னர் அதே பிளாண்டரின் தலைவரானார். பிறந்த குடிசைக்கு முன்னால் நின்ற எஜமானன் மாளிகை வரிப்பாக்கிக்காக ஏலத்திற்கு வந்தபோது, அதை வாங்கியவரும் அவரே!

போர் முடிந்தது, சட்டப்போர் தொடங்கியது. 1868ல் மாநில அரசியல் சட்டத்தை எழுதிய மன்றத்தில் ஸ்மால்ஸ் ஓர் உறுப்பினர். வளர்ந்த பின்பே எழுத்தறிந்த அவர், எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசப் பொதுப்பள்ளி வேண்டும் என்று வாதாடினார்; அது சட்டமாயிற்று. அவ்வாண்டே சட்டமன்றத்திற்கும், 1870ல் மாநில மேலவைக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டார். மாநிலக் காவற்படையில் மேஜர் ஜெனரல் பதவிவரை உயர்ந்தார். 1875ல் அமெரிக்க நாடாளுமன்றத்தில் அமர்ந்தார்.

பதவி வந்தபின் பாட்டாளியை மறந்தாரா? 1876ல் கொம்பாகி ஆற்றங்கரை நெல் வயல்களில் வேலைநிறுத்தம் வெடித்தது. அங்கே கூலியாகக் காசு தரவில்லை, துண்டுச்சீட்டுத் தந்தார்கள். அந்தச் சீட்டு முதலாளியின் கடையிலேதான் செல்லும். விலையும் அவன் வைத்ததே! இடக்கையால் கொடுத்ததை வலக்கையால் பறிக்கும் வித்தை. ஸ்மால்ஸ் நேரே களத்திற்குச் சென்றார். ஆயுதம் ஏந்தி நின்ற வெள்ளையருக்கும் தொழிலாளருக்கும் இடையே நின்று இரத்தக்களரியைத் தடுத்தார். தொழிலாளர் பக்க நியாயத்தை ஆளுநருக்கு எடுத்துரைத்தார்.

ஆதிக்கக்காரர் சும்மா இருப்பார்களா? அதே ஆண்டில் செஞ்சட்டைக் கும்பல்கள் துப்பாக்கியோடு திரிந்து கறுப்பரின் வாக்கை மிரட்டின. மாநில ஆட்சி கைமாறியது. 1877ல் ஸ்மால்ஸ் மீது லஞ்ச வழக்கு. அச்சு ஒப்பந்தத்தில் 5,000 டாலர் பெற்றார் என்பது குற்றச்சாட்டு. மூன்றாண்டுச் சிறை என்று தீர்ப்பாயிற்று. அவர் குற்றத்தை மறுத்தார். 1879ல் ஆளுநர் மன்னிப்பு வழங்கினார். அதன்பின்னும் மக்கள் அவரை நாடாளுமன்றத்திற்கு அனுப்பினார்கள்.

1895ல் வந்தது பெருஞ்சோதனை. டில்மன் என்பவர் தலைமையில், கறுப்பரின் வாக்குரிமையைப் பறிக்கவே புதிய அரசியல் சட்டம் எழுத மன்றம் கூடியது. மாநில மக்களில் கறுப்பரே மிகுதி. மன்றத்திலோ அவர்கள் ஆறே பேர்! வாக்களிக்க எழுத்தறிவு வேண்டுமாம், அல்லது 300 டாலர் சொத்து வேண்டுமாம். எழுத்தறிவைச் சோதிப்பவர் யார்? வெள்ளை அதிகாரி! படிக்க விடாமல் தடுத்தவர்களே, படிக்கத் தெரியுமா என்று கேட்டார்கள். முதுமையை நெருங்கிய ஸ்மால்ஸ் எழுந்து நின்று எதிர்த்தார். எண்ணிக்கையில் தோற்றார், கையெழுத்திட மறுத்தார். பயணப்படி கிடைக்காது என்று மிரட்டியபோது, நடந்தே ஊர் போய்ச் சேருவேனே தவிரக் கையெழுத்திடேன் என்று அறிவித்துவிட்டார்.

1915 பிப்ரவரியில், தாம் விலைக்கு வாங்கிய அந்த வீட்டிலேயே கண்மூடினார். பறிபோன வாக்குரிமை உண்மையில் மீள 1965ல் வந்த சட்டம்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கடத்திய கப்பலோ ஓரிரவில் கரை சேர்ந்தது. இழந்த வாக்கு கரை சேர எழுபது ஆண்டு! 2023ல் அமெரிக்கக் கடற்படை, அடிமை முறையைக் காத்தவர்களின் வெற்றியை நினைவூட்டிய ஒரு போர்க்கப்பலின் பெயரை நீக்கி, ராபர்ட் ஸ்மால்ஸ் என்று சூட்டியது.

தோழர்களே! வாக்குச்சீட்டு வெறும் தாள் அல்ல. அதைப் பறிக்க எத்தனை பேர் எத்தனை சட்டம் எழுதினார்கள் என்று பாருங்கள், அதன் விலை புரியும். பெற்ற உரிமையைக் காக்கவும் ஒருவன் சுக்கானை விடாது பிடித்திருக்க வேண்டும்.