கோழிக் கொட்டகையில் பிறந்த படங்கள்

கோடம்பாக்கத்துக்குக் காமிரா புதிது அல்ல. ஏவி.எம்., வாகினி ஸ்டூடியோக்களில் எத்தனையோ காமிராக்கள் சுழன்றிருக்கின்றன. பெரிய நட்சத்திரங்கள் அதன் முன்னே நின்ற இடத்தில் நிற்பார்கள்; திரும்பு என்றால் திரும்புவார்கள். குழந்தைகளிடம் அது நடக்குமா? 1960-ல் வெளிவந்த களத்தூர் கண்ணம்மாவில் கமலஹாசனுக்கு ஐந்து வயது. அந்த வயதுப் பிள்ளையைப் படம் பிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்பதை ஸ்டூடியோவில் வேலை பார்த்தவர்கள் அறிவார்கள்.

வீட்டிலும் அதே கஷ்டம்தான். முதல் குழந்தை தவழ ஆரம்பித்ததும் தகப்பனார் காமிரா கடைக்குப் போகிறார். எத்தனை மெகாபிக்ஸல் என்று கேட்கிறார். கேட்க வேண்டியது அது அல்ல. ஓடுகிற குழந்தையை நிறுத்திப் பிடிக்க, ஷட்டர் ஒரு வினாடியில் 250-ல் ஒரு பங்கு, 500-ல் ஒரு பங்கு நேரத்தில் திறந்து மூட வேண்டும். பொத்தானை அமுக்கிய உடனே படம் விழ வேண்டும். 2000-ஐ ஒட்டி வந்த சிறிய டிஜிட்டல் காமிராக்களில் இந்தக் குறை பலமாக இருந்தது. அமுக்கும்போது குழந்தை சிரிக்கும். படம் விழும்போது முதுகைக் காட்டிக்கொண்டு போகும்!

ஷட்டர் என்ற கருவி பரவலாகப் புழங்காத காலத்தில் ஓர் அம்மையார் குழந்தைகளைப் படம் பிடித்தார். ஒரு படத்துக்குச் சில சமயம் மூன்று நிமிஷம், சில சமயம் ஏழு நிமிஷம். அவ்வளவு நேரம் பிள்ளைகள் அசையாமல் இருக்க வேண்டும். அப்படி அவர் எடுத்த படங்கள் இன்று உலகத்தின் பெரிய மியூசியங்களில் தொங்குகின்றன.

அவர் பெயர் ஜூலியா மார்கரெட் காமரூன். பெயரிலேயே பாதி காமிரா!

கல்கத்தாவில் பிறந்தவர்

காமரூன் அம்மையார் 1815-ம் ஆண்டு ஜூன் 11-ந் தேதி கல்கத்தாவில் பிறந்தார். தந்தை ஜேம்ஸ் பாட்டில், கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகஸ்தர். தாயார் பிரெஞ்சு வம்சம். வீட்டில் ஏழு பெண்கள். ஆறு பேர் அழகுக்குப் பெயர் போனவர்கள். ஜூலியாவை மட்டும் யாரும் அழகி என்று சொன்னதில்லை. அழகைத் தேடிக் கடைசிவரை அலைந்தவரும் அவர்தான்.

1836-ல் உடம்பு தேறுவதற்காகத் தென் ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனைக்குப் போனார். அங்கே இரண்டு பேரைச் சந்தித்தார். ஒருவர் வான நூல் அறிஞர் ஜான் ஹெர்ஷல். எடுத்த படம் வெளிச்சத்தில் அழிந்துவிடாமல் நிறுத்துவதற்கு ஹைப்போ உதவும் என்று பிற்பாடு காட்டியவர் அவரே. நம் ஊர் போட்டோ ஸ்டூடியோ இருட்டறைகளில் நூறு ஆண்டுக்கு மேல் புழங்கிய அதே ஹைப்போதான். புகைப்படக் கலை பிறந்த செய்தியை ஜூலியாவுக்குக் கடிதத்தில் எழுதியவரும் அவர்தான்.

இன்னொருவர் சார்லஸ் ஹே காமரூன். சட்ட நிபுணர். ஜூலியாவைவிட 20 வயது மூத்தவர். 1838-ல் கல்கத்தாவில் இருவருக்கும் கலியாணம் நடந்தது. இலங்கை ஆட்சியைச் சீர்திருத்த வந்த கோல்புரூக்-காமரூன் கமிஷனில் இரண்டாவது பெயர் இவருடையதே. இந்தியச் சட்டக் கமிஷனில் மெக்காலேயுடன் இருந்தார். இலங்கையில் காபித் தோட்டங்கள் வாங்கினார். குடும்பத்தின் சொத்தெல்லாம் அந்தக் காபிச் செடியில் போய்ச் சேர்ந்தது.

1848-ல் சீமைக்குத் திரும்பினார்கள். 1860-ல் ஒயிட் தீவில் பிரெஷ்வாட்டர் என்ற ஊரில், மகாகவி டென்னிசன் வீட்டுக்குப் பக்கத்தில் வீடு வாங்கினார்கள். அந்த வீட்டுக்கு இலங்கைத் தோட்டத்தின் பெயரையே வைத்தார்கள்: டிம்போலா.

மகள் தந்த பரிசு

1863 டிசம்பர். கணவர் தோட்டம் பார்க்க இலங்கை போயிருந்தார். பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். வீடு வெறிச்சோடிக் கிடந்தது. தாயாரின் தனிமையைப் பார்த்த மகளும் மாப்பிள்ளையும் ஒரு காமிராவைப் பரிசாகக் கொடுத்தார்கள். பொழுது போகட்டும் என்ற எண்ணம். அப்போது அம்மையாருக்கு வயது 48.

கொடுத்தவர்கள் விளையாட்டாகக் கொடுத்தார்கள். வாங்கியவர் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. நிலக்கரி போட்டு வைத்த அறை இருட்டறை ஆயிற்று. கோழிக் கொட்டகை ஸ்டூடியோ ஆயிற்று. கோழிகளை விரட்டிவிட்டார். கண்ணாடி வழியே வெளிச்சம் வருகிற அந்தக் கொட்டகையில் கவிகளும் விஞ்ஞானிகளும் வந்து உட்கார்ந்தார்கள். ஹெர்ஷலைத் தலைக்குக் குளிக்கச் சொல்லி, வெள்ளை முடி பறக்கும்படி அவர் எடுத்த படம் உலகப் பிரசித்தம்.

அந்தக் காலத்துப் படம் பிடிப்பு எப்படிப்பட்டது? கண்ணாடித் தகட்டில் கொலோடியன் என்ற பசைத் திரவத்தை ஊற்றி, ஆட்டி ஆட்டிப் பரப்ப வேண்டும். பிறகு வெள்ளி நைட்ரேட் கரைசலில் முக்க வேண்டும். ஈரம் காய்வதற்குள் காமிராவில் பொருத்திப் படம் பிடித்து, ஈரத்தோடேயே இருட்டறைக்கு ஓடிக் கழுவ வேண்டும். காய்ந்தால் போச்சு. ஒரு தூசி விழுந்தாலும் போச்சு. கையெல்லாம் கறுப்புக் கறை. கழுவும் சாமான்களில் பொட்டாசியம் சயனைட் விஷமும் ஒன்று.

சிரிப்பில் போன படம்

முதலில் எடுத்த ஒரு தகட்டை அம்மையார் தம் கையாலேயே தேய்த்து அழித்துவிட்டார். பிறகு இரண்டு குழந்தைகளைச் சேர்த்து உட்கார வைத்தார். பாதிப் படம் ஆனபோது ஒரு குழந்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. களுக்கென்று சிரித்தது. படம் போயிற்று!

ஒருத்தி போதும் என்று முடிவு செய்தார். 1864 ஜனவரி 29. ஆனி பில்பாட் என்ற சிறுமியை உட்கார வைத்தார். அசைந்தால் இந்தக் கிழவியின் மருந்தும் உழைப்பும் வீணாகிவிடும் என்று அவள் மனம் இளகும்படி சொன்னார். ஆனி அசையவில்லை. கோட்டுப் பொத்தானைக் கழுத்து வரை போட்டுக்கொண்டு பக்கத்தில் எங்கோ பார்க்கிறாள். அதுவே அம்மையாருடைய முதல் வெற்றி. படத்துக்கு அவர் வைத்த பெயரும் அதுதான். சந்தோஷம் தாங்காமல் வீடு முழுவதும் ஓடி அந்தப் பெண்ணுக்குக் கொடுக்கப் பரிசு தேடினார். அன்றைக்கே அச்சிட்டு, சட்டம் போட்டு, அவள் தகப்பனாரிடம் கொடுத்தார்.

தொழில் தெரிந்த போட்டோகிராபர்கள் அந்த நாளில் தலைக்குப் பின்னால் ஓர் இரும்புக் கவ்வியை வைத்து ஆளை அசையாமல் நிறுத்துவார்கள். குழந்தை விறைத்துப்போய் நிற்கும். அம்மையார் அந்தக் கவ்வியைத் தொடவில்லை. தூங்குகிற குழந்தையைப் பிடித்தார்! பேரன் ஆர்ச்சி இரண்டு வயதில் அயர்ந்து தூங்கியபோது, வேலைக்காரப் பெண் மேரி ஹில்லியரை மாதாவைப் போல் பக்கத்தில் குனிய வைத்து எடுத்த படம் உண்டு. தூங்கின பிள்ளை அசையாது என்பது எல்லாத் தாய்மாருக்கும் தெரிந்த ரகசியம்தானே!

எந்த லென்ஸ்?

முதல் காமிராவில் ஜாமின் என்ற பிரெஞ்சு லென்ஸ் இருந்தது. வாய் அகலமான லென்ஸ். வெளிச்சம் நிறைய உள்ளே வரும். ஆனால் எல்லாம் துல்லியமாகத் தெரியாது. கண் தெளிவாக இருந்தால் காது மங்கலாக இருக்கும். லண்டன் புகைப்படச் சங்கத்தார் இதைப் பார்த்துக் கேலி செய்தார்கள். இந்த அம்மாளுக்குக் காமிராவைத் திருகத் தெரியவில்லை என்றார்கள். அம்மையாரோ, பார்க்க அழகாய் இருக்கிற இடத்தில் திருகுவதை நிறுத்திவிடுவார். இன்று பின்புறம் மங்கலாக விழ வேண்டும் என்பதற்காகவே ஜனங்கள் விலை உயர்ந்த லென்ஸ் வாங்குகிறார்கள். கைப்பேசியோ அந்த மங்கலைக் கணக்குப் போட்டுத் தானே செய்து கொடுக்கிறது.

1866-ல் அவர் புதுக் காமிரா வாங்கினார். கண்ணாடித் தகடு 15 அங்குலம் நீளம், 12 அங்குலம் அகலம். டால்மேயர் கம்பெனியின் லென்ஸ், குவிய தூரம் 30 அங்குலம். பழைய லென்ஸைவிட இதில் வெளிச்சம் குறைவாக வரும். ஆகவே குழந்தை இன்னும் அதிக நேரம் அசையாமல் இருக்க வேண்டும். கடைக்காரர் யாரிடம் கேட்டாலும், பிள்ளைகளுக்கு இது ஆகாது என்றே சொல்வார். தெரிந்தேதான் வாங்கினார். முகம் உயிருள்ள முகத்தின் அளவிலேயே தகட்டில் விழ வேண்டும் என்பது அவர் ஆசை. வேகத்தைக் கொடுத்து முகத்தை வாங்கினார் என்று சொல்லலாம். என் கருத்தில் அது சரியான பேரமே. அந்தப் பெரிய தலைப் படங்களுக்கு முன்னால் நின்றால், குழந்தை நம்மைப் பார்க்கிறது.

அதற்கு விலை கொடுத்தவர்கள் குழந்தைகள். தங்கையின் பேத்திகளான ரேச்சலும் லாராவும் தேவதைகளாக வேண்டும். அன்னப்பறவையின் கனத்த இறகுகளைத் தோளில் கட்டிவிடுவார். அத்தைப் பாட்டியின் உடையில் வீசிய மருந்து நாற்றத்தையும் அந்தச் சிறகுகளின் பாரத்தையும் லாரா வயதான பிறகும் மறக்கவில்லை. 1872-ல் எடுத்த படத்தில் ரேச்சல் சிறகோடு கைகளை மடித்து, எப்போது விடுவார்கள் என்று முறைத்துக்கொண்டிருக்கிறாள்.

கும்பகோணத்து மாப்பிள்ளை

தாயோடு பிச்சை எடுத்துக்கொண்டிருந்த மேரி ரயான் என்ற ஐரிஷ் சிறுமியை அம்மையார் வீட்டுக்கு அழைத்து வந்து வளர்த்தார். படிக்க வைத்தார். படமும் பிடித்தார். லண்டனில் நடந்த படக் கண்காட்சியில் மேரியைப் பார்த்த ஓர் இளைஞர் மனத்தைப் பறிகொடுத்தார். 1867-ல் கலியாணம். அந்த மாப்பிள்ளை ஹென்றி காட்டன். பிறந்தது நம் கும்பகோணத்தில், 1845-ல்! பின்னாளில் அஸ்ஸாமின் தலைமைக் கமிஷனராக இருந்தார். 1904-ல் பம்பாயில் கூடிய இந்திய தேசிய காங்கிரசுக்குத் தலைமை வகித்தார்.

காபியில் விழுந்த நோய்

1869-ல் இலங்கைக் காபிச் செடிகளில் துரு நோய் கண்டது. காமரூன் குடும்பத்துக் கையிருப்பு கரைந்தது. படங்களை விற்றுக் குடும்பத்தைத் தாங்கலாம் என்று அம்மையார் எண்ணினார். அந்த வரும்படி போதவில்லை. காமிரா கொடுத்த மகள் 1873-ல் பிரசவத்தில் இறந்தாள். 80 வயதான கணவருக்கு இலங்கை நினைவே நினைவாக இருந்தது. 1875-ல் கப்பல் ஏறினார்கள். கூடவே ஒரு பசு மாடு, இரண்டு சவப்பெட்டிகள். இலங்கையில் நல்ல பெட்டி கிடைக்காது என்ற முன்யோசனை! துறைமுகத்தில் கூலியாட்களுக்குக் கொடுக்கப் பணம் இல்லாமல், தாம் எடுத்த படங்களைக் கொடுத்தார் என்று சொல்வார்கள்.

களுத்துறையில் கடலோரத்தில் வீடு. வெப்பமும் ஈரமும் சேர்ந்த அந்தச் சீதோஷ்ணத்தில் கொலோடியன் வேலை லேசானது அல்ல. ஆயினும் காமிராவை விடவில்லை. 1877-ல் வந்த ஓவியர் மேரியான் நார்த்தைச் சால்வை போர்த்தி எடுத்தார். காபித் தோட்டங்களில் வேலை செய்தவர்கள் நம்மவர்கள். தமிழ்நாட்டிலிருந்து கடல் தாண்டி, மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டு வழியே நடந்து போன ஏழை ஜனங்கள். தமிழர்களும் சிங்களவர்களும் அம்மையாரின் காமிரா முன் நின்றார்கள். அவர் இலங்கையில் எடுத்தவற்றில் 30 படம்கூட மிஞ்சவில்லை.

அவற்றில் ஒன்றில் களுத்துறைக் குடியானவர்கள் இருக்கிறார்கள். 12 வயதுப் பெண் ஒருத்தி. அவள் தகப்பன் என்று சொல்லிக்கொண்ட, தமக்கு நூறு வயது என்று சொல்லிக்கொண்ட ஒரு கிழவர். வயதை எழுதிய அம்மையார் பெயரை எழுதவில்லை. பெரும்பாலான இலங்கைப் படங்கள் இப்படியே. ஆனி பில்பாட்டின் பெயர் நமக்குத் தெரியும். அவளுடைய தகப்பனார் கையில் படம் போய்ச் சேர்ந்தது. தோட்டத்துப் பெண்ணும் அதே போல் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் நின்றிருப்பாள்.

1879 ஜனவரி 26-ல் மலைநாட்டு டிக்கோயாவில், கிளென்கெய்ர்ன் தோட்டத்தில் காமரூன் அம்மையார் காலமானார். பொகவந்தலாவை தேவாலயத்தில் அடக்கம் செய்தார்கள். மறு வருஷம் கணவரும் அவர் பக்கத்திலேயே அடங்கினார். பிரெஷ்வாட்டர் வீடு இப்போது மியூசியமாக இருக்கிறது. பொகவந்தலாவை மலைச் சரிவுகளில் காபி இல்லை. எங்கு பார்த்தாலும் தேயிலை.