ஸர் ஆல்ம்ரோத் ரைட்

கிருமிகள் இரத்தத்திற் கலந்து மேனியெங்கும் பரவுங்கால், அவற்றை எதிர்க்கும் ஆற்றல் நோயாளியின் குருதியில் எவ்வளவுண்டென்று அளந்தறிய முற்பட்டவருள் தலைசிறந்தவர் ஸர் ஆல்ம்ரோத் ரைட் ஆவர்.

இவர் 1861-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் யார்க்ஷயர்ப் பகுதியிற் பிறந்தார். நெட்லி இராணுவ வைத்தியக் கலாசாலையில் ஆசிரியராயிருந்த காலத்தே, கொல்லப்பட்ட கிருமிகளைக் கொண்டு டைபாய்டு சுரத்திற்குத் தடுப்பு மருந்து சமைத்தார். 1902-இல் லண்டன் ஸெயின்ட் மேரி மருத்துவமனையை அடைந்தார். மறுவாண்டு டக்ளஸ் என்பாரும் இவரும் ஓர் உண்மை கண்டனர்: குருதிநீரிலுள்ள ஒருவகைப் பொருள் கிருமியின்மேற் படிந்தாலன்றி, வெள்ளணு அதனை எளிதில் விழுங்குவதில்லை. உணவைப் பக்குவஞ்செய்தலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லினின்று அதற்கு ஆப்ஸோனின் எனப் பெயரிட்டனர். சமையற்கட்டினின்று சாஸ்திரத்திற்குப் பெயர் வந்தமை நமக்கு நகையும் உவகையும் தருகின்றது.

நோயாளியின் குருதிநீரில் ஒரு வெள்ளணு சராசரியாக எத்தனை கிருமிகளை விழுங்கிற்றென எண்ணி, அத்தொகையை நலமுடையோரின் தொகையால் வகுக்க வரும் எண்ணே இவரது அளவுகோல். எண் தாழ்ந்தால் மருந்தூசியால் அதனை உயர்த்தலாமென நம்பினார். துணைவர்கள் இரவு நெடுநேரம் உருப்பெருக்கியின்மீது குனிந்து எண்ணினர். அவருள் ஒருவரே பின்னர்ப் பெனிஸிலினைக் கண்ட பிளெமிங். ஆயினும் எண்ணுவார்தோறும் தொகை வேறுபட்டமையால் அம்முறை நாளடைவில் வழக்கொழிந்தது. தம் கொள்கையை எளிதில் விடுபவரல்லர் ரைட்; அவ்வுறுதி பிடிவாதமாயும் முடிந்ததென்றே நாம் கருதுகிறோம்.

1947-இல் இவர் காலமானார். எதிர்ப்பொருள்கள் கிருமியைப் போர்த்து வெள்ளணுவிற்கு இரையாக்குஞ் செயலை மருத்துவ நூல்கள் இன்றும் இவர் இட்ட பெயராலேயே வழங்குகின்றன.