ஜோசஃபின் காக்ரேன்

ஜோசஃபின் காக்ரேன் (மார்ச் 8, 1839 – ஆகஸ்ட் 1913) அமெரிக்க நாட்டைச் சேர்ந்த கண்டுபிடிப்பாளரும் தொழில் முனைவோரும் ஆவார். வெந்நீரை விசையுடன் பீய்ச்சிப் பாத்திரங்களைக் கழுவும் பொறியை விற்பனைக்கு ஏற்ற வகையில் ஆக்கி, அதைத் தொழிலாகவும் நடத்திக் காட்டியவர் இவர். இதற்கான காப்புரிமம் 355,139 என்னும் எண்ணில் 1886 டிசம்பர் 28 அன்று இவருக்கு வழங்கப்பட்டது. வீட்டுச் சமையலறையை எண்ணிச் செய்யப்பட்ட இப்பொறி, இவர் வாழ்நாளில் பெரும்பாலும் உணவு விடுதிகளிலேயே இயங்கியது. வீடுகளில் அது பரவத் தொடங்கியபோது இவர் மறைந்து ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.

இளமை

இவர் ஒகையோ மாநிலத்தின் அஷ்டபுலா மாவட்டத்தில் பிறந்தார். தந்தை ஜான் காரிஸ் ஒரு பொறியாளர். தாய் ஐரீன் ஃபிட்ச், நீராவிப் படகை அமைத்து 1787இல் டெலவேர் ஆற்றில் ஓட்டிக் காட்டிய ஜான் ஃபிட்ச்சின் வழிவந்தவர் என்பர். குடும்பத்தில் பொறியியல் இருந்ததேயன்றி, ஜோசஃபின் முறையாகப் பொறியியல் பயின்றவர் அல்லர். இந்தியானா மாநிலத்தின் வால்பரைசோவில் வளர்ந்த இவர், பின்னர் இல்லினாய் மாநிலத்தின் ஷெல்பிவில் நகரில் வாழ்ந்த தமக்கையின் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்.

1858இல், தமது பத்தொன்பதாம் அகவையில், துணி வணிகரான வில்லியம் காக்ரன் என்பவரை மணந்தார். கணவரின் குடும்பப் பெயரின் ஈற்றில் ஓர் எழுத்தைக் கூட்டிக் காக்ரேன் என்று எழுதுவதையே இவர் விரும்பினார். ஆதலால் நூல்களில் இரு வடிவங்களும் காணப்படுகின்றன.

பீங்கான் தட்டுகளும் கடனும்

இவரைப் பற்றி வழக்கமாகச் சொல்லப்படுவது, வேலையாட்கள் கழுவும்போது விலையுயர்ந்த பரம்பரைப் பீங்கான் தட்டுகளின் விளிம்பு உடைந்ததால் இப்பொறியைக் கண்டுபிடித்தார் என்னும் செய்தியாகும். 1870 அளவில் காக்ரேன் குடும்பம் பெரிய மாளிகை ஒன்றில் குடியேறி, அங்கு அடிக்கடி விருந்துகள் நடத்தியது. தட்டுகள் உடைந்ததும், சிலகாலம் இவரே அவற்றைக் கழுவியதும், அவ்வேலை இவருக்குச் சலித்ததும் உண்மையே. ஆனால் அது ஓர் எண்ணத்துக்கு வித்திட்டதே அன்றி, தொழிலுக்குக் காரணமாகவில்லை.

1883இல் வில்லியம் காக்ரன் இறந்தார். மனைவிக்கு அவர் விட்டுச் சென்றது ஏறத்தாழ 1,500 டாலர் ரொக்கமும், அதைவிட மிகுதியான கடனும் ஆகும். விருந்து வைத்த வீட்டின் தலைவி, வருவாய்க்கு வழி தேட வேண்டிய நிலைக்கு ஆளானார். வசதியுள்ள பெண்ணொருவரின் பொழுதுபோக்காக இக்கண்டுபிடிப்பைக் காட்டும் எழுத்துகள் இப்பகுதியை விட்டுவிடுகின்றன.

பொறியின் அமைப்பு

பாத்திரம் கழுவும் பொறிக்கு முன்பே முயற்சிகள் நடந்திருந்தன. 1850இல் ஜோயல் ஹௌட்டன் மரத்தால் ஆன ஒரு கருவிக்குக் காப்புரிமம் பெற்றார். கையால் சுழற்றினால் அது பாத்திரங்கள்மீது நீரைத் தெளிக்கும். 1865இல் எல். ஏ. அலெக்சாண்டர் என்பவர் பற்சக்கரம் கொண்ட வேறொன்றைச் செய்தார். இவை அழுக்கைப் போதுமான அளவு நீக்கவில்லை.

காக்ரேன் முதலில் தட்டு, கிண்ணம், தாம்பாளம் ஆகியவற்றின் அளவுகளைக் குறித்துக்கொண்டார். ஒவ்வொன்றுக்கும் ஏற்ற கம்பி அறைகளைச் செய்து, அவற்றைக் கிடைமட்டமாக அமைந்த ஒரு சக்கரத்தைச் சுற்றிப் பொருத்தினார். சக்கரம் ஒரு செப்புக் கொதிகலத்துள் இருந்தது. அது சுழலும்போது சோப்பு கலந்த வெந்நீர் அடியிலிருந்து விசையுடன் மேலெழுந்து பாத்திரங்கள்மீது பாய்ந்தது. தேய்ப்பதற்குத் தூரிகை ஏதும் இல்லை. பாத்திரத்தை அசையாமல் பிடித்து வைத்து நீரின் விசையால் அழுக்கை அகற்றுவதே இதன் அடிப்படை. இன்றைய பொறிகளிலும் அடிப்படை இதுவே.

வீட்டின் பின்புறம் இருந்த விறகுக் கொட்டகையில் ஜார்ஜ் பட்டர்ஸ் என்னும் இயந்திரப் பணியாளரின் துணையுடன் இவர் பொறியை உருவாக்கினார். பிற பொறியாளர்கள் தம் விருப்பப்படியே செய்து பார்க்க முனைந்ததாகவும், கணிதமும் பொறியியலும் படிக்காத பெண் என்று கருதி இவர் சொன்னதைக் கேளாததாகவும், அம்முயற்சிகள் தோற்ற பின்னரே இவர் வழிக்கு வந்ததாகவும் இவர் பிற்காலத்தில் கூறியுள்ளார். அதற்கிடையே செலவான பணம் இவருடையது.

விற்பனை

காரிஸ்-காக்ரேன் நிறுவனத்தின் பெயரில் விற்பனை தொடங்கியது. சிகாகோவின் புகழ்பெற்ற பாமர் ஹவுஸ் விடுதி முதலில் வாங்கியவற்றுள் ஒன்று. அதற்கு ஒரு நண்பரின் அறிமுகம் உதவியது. அடுத்து ஷெர்மன் ஹவுஸ் விடுதிக்கு அறிமுகம் ஏதுமின்றித் தாமே சென்றார். தந்தையோ கணவரோ துணையின்றி ஒரு பெண் விடுதியின் கூடத்தைக் கடந்து செல்வது வழக்கமில்லாத காலம் அது. பொறியைக் கண்டுபிடித்ததைவிட அக்கூடத்தைக் கடந்ததே கடினமாக இருந்தது என்னும் கருத்தில் இவர் பின்னர்ப் பேசினார். அன்று 800 டாலர் மதிப்புள்ள விற்பனை கிடைத்தது.

முதலீடு திரட்டுவது இன்னும் கடினமாக இருந்தது. நிறுவனத்தை ஓர் ஆணிடம் ஒப்படைத்தால் பணம் தருவதாகச் சொன்னோர் உண்டு, இவர் இணங்கவில்லை.

1893இல் சிகாகோவில் நடந்த கொலம்பிய உலகக் கண்காட்சி இவருக்குப் பெரும் திருப்பமாக அமைந்தது. கண்காட்சித் திடலின் உணவகங்களில் இவருடைய ஒன்பது பொறிகள் இயங்கின. கட்டமைப்பு, நீடித்த உழைப்பு, பணிக்கு ஏற்ற தன்மை ஆகியவற்றுக்காகப் பரிசும் கிடைத்தது. அதன்பின் விடுதிகளும் மருத்துவமனைகளும் கல்லூரிகளும் வாங்கலாயின.

வீடுகளோ வாங்கவில்லை. விலை மிகுதி என்பது ஒரு காரணம். அக்கால வீட்டுக் கொதிகலன்கள் இப்பொறிக்குத் தேவையான அளவு வெந்நீரைத் தரவில்லை என்பது அதனினும் பெரிய காரணம். பல ஊர்களின் கடின நீரில் சோப்பும் சரியாக நுரைக்கவில்லை. பாத்திரம் கழுவுவது தமக்குச் சுமையாக இல்லை என்று சொன்ன இல்லத்தரசிகளும் இருந்தனர். செலவைத் தீர்மானித்த கணவர்கள் அவ்வேலையைச் செய்ததில்லை என்பதையும் இங்கு எண்ணிப் பார்க்கலாம்.

மறைவும் பின்னும்

காக்ரேன் எழுபது அகவை கடந்தும் விற்பனைக்காகப் பயணம் செய்தார். 1913 ஆகஸ்டில் சிகாகோவில் காலமானார். ஷெல்பிவில்லில் அடக்கம் செய்யப்பட்டார். இவரது நிறுவனத்தை 1926இல் ஹோபார்ட் நிறுவனம் வாங்கியது. அந்நிறுவனத்தின் கிச்சன்எய்ட் என்னும் பெயரில் வீட்டுப் பாத்திரங்கழுவி 1949இல் வெளிவந்தது. 2006இல் அமெரிக்கத் தேசியக் கண்டுபிடிப்பாளர் புகழ்மன்றத்தில் இவர் பெயர் சேர்க்கப்பட்டது.

இவரது முறையும் நீர்க்கசிவும்

நீரை விசையுடன் வீசும் பொறி எதுவும் அந்நீரைத் தன்னுள் அடக்கி வைத்திருக்க வேண்டும். இதனால் காக்ரேனின் முறையைப் பின்பற்றும் பொறிகளில் ரப்பர் அடைப்புகளும் குழாய் இணைப்புகளும் இன்றியமையாதவை; பழுது பெரும்பாலும் அவற்றிலேயே தோன்றுகிறது. அடியில் உருளைகள் பொருத்திய, நகர்த்தத்தக்க பாத்திரங்கழுவிகளில் இது இன்னும் மிகுதி. இவை நிலையான குழாயுடன் இணைக்கப்படாமல், சமையலறைக் குழாயின் முனையில் மாட்டும் ஓர் இணைப்பியின் வழியே நீரைப் பெற்று, அதே இணைப்பியின் வழியே அழுக்கு நீரைத் தொட்டியில் விடுகின்றன.

ஒருவர் பயன்படுத்தியதை மற்றொருவர் வாங்கும்போது, இடையில் பொறி பல மாதங்கள் சும்மா கிடந்திருக்கக் கூடும். அப்போது உள்ளிருந்த நீர் வற்றி, பம்பின் தண்டைச் சுற்றியுள்ள அடைப்பும் கதவின் ரப்பரும் காய்ந்து இறுகிவிடுகின்றன.

கசிவின் இடத்தை அறிய, அது எப்போது நிகழ்கிறது என்று பார்ப்பதே நல்ல வழி. நீர் நிரம்பும்போதே ஒழுகினால் இணைப்பியின் வாஷரையோ, நீர் வரும் ஹோஸையோ, உள்வரும் வால்வையோ ஐயுற வேண்டும். கழுவும்போது மட்டும் கதவடியில் ஒழுகினால் கதவு ரப்பரும், விரிசல் விட்டு நீரைக் கதவுப் பக்கம் வீசும் தெளிகரமும் காரணமாகலாம். கையால் கழுவப் பயன்படும் திரவச் சோப்பை ஊற்றினாலும் மிகுந்த நுரை எழுந்து கதவின் வழியே வெளியேறும். இதற்கு எந்த உறுப்பையும் மாற்றத் தேவையில்லை. தரை சமமாக இல்லாவிடினும் நீர் முன்பக்கம் தேங்கி வழியும். பொறியின் நடுப்பகுதிக்கு நேர்கீழே சொட்டுவது பெரும்பாலும் பம்பு அடைப்பின் தேய்வைக் காட்டுகிறது. நீர் வெளியேறும்போது மட்டும் கசிந்தால் வெளியேற்றும் ஹோஸையும் அதன் பிடிப்பு வளையத்தையும் பார்க்க வேண்டும்.

மின் இணைப்பைத் துண்டித்த பின்னரே பொறியைச் சாய்த்துப் பார்க்க வேண்டும். இணைப்பியைக் கழற்றுமுன் குழாயை மூடி, இணைப்பியில் உள்ள விசைநீக்கும் பொத்தானை அழுத்தி உள்ளழுத்தத்தைப் போக்குவதும் தேவை. இதைச் செய்யாமல் இழுத்துக் கழற்றுவதால் வாஷர் விரைவில் சிதைகிறது. வாஷர் சிறிய செலவில் மாற்றத்தக்கது. பம்பு அடைப்பை மாற்றுவதோ பழைய பொறியின் விலையை நெருங்கிவிடக்கூடும் என்பதால், வாங்குமுன் ஒருமுறை முழுமையாக ஓட்டிப் பார்க்கின்றனர்.