அல்பிரட் பினே: அளவுகோலின் எல்லையை அறிந்திருந்த அறிஞர்

பிள்ளைகளின் அறிவாற்றலை ஓர் எண்ணினால் குறிப்பிடும் வழக்கம் இன்று உலகெங்கும் வேரூன்றிவிட்டது. நுண்ணறிவு ஈவு என்னும் சொல்லைக் கேள்விப்படாத ஆசிரியர்களும் பெற்றோரும் அரிது. அந்த எண்ணுக்கு மூலவர் எனப் பலராலும் கருதப்படுபவர் பிரெஞ்சு உளவியலாளரான அல்பிரட் பினே. ஆனால், அத்தகைய எண்ணொன்றை அவர் தமது வாழ்நாளில் ஒருபோதும் கணித்ததில்லை. அறிவு என்பது பிறப்போடு வந்து இறப்புவரை மாறாதிருக்கும் ஒரு சரக்கு என்ற கருத்தையும் அவர் வன்மையாக மறுத்தார். அவரது பெயரால் பின்னாளில் நிகழ்ந்தவற்றையும் அவர் உண்மையில் செய்தவற்றையும் வேறுபடுத்தி அறிந்துகொள்வது, கல்வியில் அக்கறையுள்ள அனைவருக்கும் அவசியமென நாம் கருதுகின்றோம்.

1857 ஆம் ஆண்டு ஜூலை 8 ஆம் திகதி நீஸ் நகரில் பினே பிறந்தார். தந்தையார் வைத்தியர், தாயார் ஓவியர். பெற்றோர் பிரிந்துவிட்டமையால் தாயாரின் பராமரிப்பிலேயே வளர்ந்த அவர், பின்னர் பாரிஸ் நகருக்கு வந்து கல்வி கற்றார். 1878 இல் சட்டத்துறையில் பட்டம் பெற்றபோதிலும் அத்தொழிலில் அவர் மனம் ஒன்றவில்லை. மருத்துவக் கல்வியையும் தொடங்கி இடைநடுவில் கைவிட்டார். இறுதியில் தேசிய நூலகத்தில் அமர்ந்து, ஆசானின் துணையின்றித் தாமாகவே உளவியல் நூல்களைக் கற்கலானார். முறையான பயிற்சி பெறாத இந்த இளைஞர்தான் அத்துறையின் போக்கையே மாற்றப்போகின்றார் என அன்று எவரும் எண்ணியிருக்க முடியாது.

அவரது முதல் அடியே சறுக்கலாக அமைந்தது. 1880 களில், நரம்பியல் நிபுணர் ஷார்கோவின் தலைமையில் புகழ்பெற்று விளங்கிய சல்பெத்ரியேர் வைத்தியசாலையில் அவர் ஆய்வில் ஈடுபட்டார். அறிதுயிலில் ஆழ்த்தப்பட்ட நோயாளிகளின் உடலருகே காந்தத்தை நகர்த்தினால், உடலின் ஒரு பக்கத்து வாதம் மறுபக்கத்துக்கு மாறுகின்றது என்று அவரும் அவரது சகாவான சார்ள்ஸ் ஃபெரேயும் அறிவித்தனர். பெல்ஜியத்தைச் சேர்ந்த அறிஞர் டெல்பெஃப் அங்கு நேரில் சென்று பார்த்தபோது, காந்தம் நோயாளியின் கண்ணெதிரே வைக்கப்படுவதையும், என்ன நிகழவேண்டும் என்பதை நோயாளி முன்கூட்டியே அறிந்திருப்பதையும் கண்டார். காந்தத்துக்கு எந்தச் சக்தியும் இல்லை. ஆய்வாளரின் எதிர்பார்ப்பையே நோயாளி நிறைவேற்றிக்கொண்டிருந்தார். பினே முதலில் எதிர்த்து வாதிட்டார். பின்னர் தவறை வெளிப்படையாக ஒப்புக்கொண்டு அவ்வைத்தியசாலையை விட்டு விலகினார். சோதிப்பவரின் விருப்பம் சோதிக்கப்படுபவரின் விடையை மாற்றிவிடும் என்ற பாடத்தை அவர் அதன்பின் மறக்கவேயில்லை.

அடுத்து அவரது ஆய்வுகூடமாக அமைந்தது அவரது வீடே. 1884 இல் அவர் திருமணம் செய்திருந்தார். மதலேன், அலிஸ் என்னும் இரு புதல்வியர். சிறுமியர் நடை பழகிய விதத்தையே அவர் கூர்ந்து நோக்கினார். ஒருத்தி பிடிமானத்தைத் தேடி நிதானமாக அடியெடுத்து வைத்தாள். மற்றவள் விழுவதைப் பற்றிக் கவலையின்றிச் சிரித்தபடி விரைந்தாள். ஒரே வீட்டில், ஒரே பெற்றோரிடம் வளர்ந்தும் இருவரின் மனப்பாங்கும் வேறுவேறாக இருந்தது. 1890 இல் இவை குறித்த கட்டுரைகளை வெளியிட்டார். அப்பிள்ளைகளைத் தொடர்ந்து பல ஆண்டுகள் ஆராய்ந்து, 1903 இல் நுண்ணறிவு பற்றிய பரிசோதனை ஆய்வு நூலொன்றையும் எழுதினார். ஒருவரின் சிந்தனை மற்றவருடையதைவிடக் குறைந்தது என்று கூறாமல், வேறுபட்டது என்று காட்டியதே அந்நூலின் சிறப்பு.

1891 இல் ரூவான் நகரப் புகையிரத நிலையத்தில் அவர் தற்செயலாகச் சந்தித்தவர் ஹென்றி போனிஸ். சோர்போன் பல்கலைக்கழகத்தின் உளவியல் ஆய்வுகூடத்துக்குப் பொறுப்பாயிருந்த அவரிடம், ஊதியமின்றிப் பணியாற்றத் தாம் தயார் என்றார் பினே. 1894 இல் அதன் பணிப்பாளரானார். மரணம் வரை அப்பதவியிலிருந்தார். 1895 இல் பிரான்ஸின் முதலாவது உளவியல் ஆண்டிதழைத் தொடங்கினார். எனினும், அவர் நாடிய பேராசிரியர் பதவி பிரான்ஸில் இறுதிவரை கிட்டவில்லை. 1902 இல் கொலேஜ் டி பிரான்ஸ் நிறுவனத்தின் பதவி பியர் ஜனேக்கு வழங்கப்பட்டது.

பாடசாலைகளே பினேயின் அடுத்த களம். தலையின் சுற்றளவுக்கும் அறிவுக்கும் தொடர்பு உண்டென்று அக்காலத்து அறிஞர் பலரும் நம்பினர். பினேயும் அந்நம்பிக்கையுடனேயே அளவுநாடாவைக் கையிலெடுத்தார். ஆசிரியர்கள் மிகத் திறமைசாலிகள் என்றும் மிகப் பின்தங்கியவர்கள் என்றும் தெரிவு செய்த மாணவரின் தலைகளை அளந்தபோது, வேறுபாடு பொருட்படுத்த முடியாத சிறு அளவினதாகவே இருந்தது. தமது அளவீடுகளைத் தாமே மீளச் சோதித்தபோது, எதிர்பார்த்த முடிவை நோக்கித் தம்மையறியாமலே கை சாய்ந்திருப்பதையும் கண்டார். அதை மறைக்காமல் எழுதினார்; அம்முறையையும் கைவிட்டார். பிள்ளைகள் ஆசிரியரின் ஒரு சொல்லுக்கும் சகபாடிகளின் விடைக்கும் எவ்வளவு எளிதில் இசைந்துவிடுகின்றனர் என்பதை ஆராய்ந்த அவரது நூலும் 1900 இல் வெளிவந்தது.

பிரான்ஸில் 1882 ஆம் ஆண்டுச் சட்டம் ஆரம்பக் கல்வியைக் கட்டாயமாக்கியிருந்தது. அதனால், முன்னர் பாடசாலை வாசலையே காணாத பிள்ளைகளும் வகுப்பறைக்கு வந்தனர். பாடத்தைத் தொடரமுடியாதோரை என்ன செய்வது என்ற கேள்வி எழுந்தது. 1904 இல் கல்வி அமைச்சு ஆணைக்குழுவொன்றை நியமித்தது. பினே அதில் ஓர் உறுப்பினர். ஒரே பிள்ளையை வெவ்வேறு வைத்தியர்கள் வெவ்வேறு பெயரால் குறிப்பிடுவதை அவர் கண்டார். குழப்படி செய்யும் பிள்ளையை அப்புறப்படுத்த விரும்பும் ஆசிரியர், அவனை அறிவு குன்றியவன் எனக் கூறிவிடக்கூடும் என்றும் அஞ்சினார். ஒருவரின் வெறுப்போ விருப்போ ஒரு பிள்ளையின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கக்கூடாது; எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவான ஓர் அளவுகோல் வேண்டும். இதுவே அவரது நோக்கம்.

வைத்தியரான தியோடர் சீமோனுடன் இணைந்து அவர் உருவாக்கிய அளவுகோல் 1905 இல் வெளிவந்தது. முப்பது சிறு பணிகளைக் கொண்டது அது. எரியும் தீக்குச்சியைக் கண்ணால் தொடர்தல், படத்திலுள்ள பொருள்களின் பெயர் கூறல், மூன்று இலக்கங்களைத் திருப்பிச் சொல்லல், எடைகளை வரிசைப்படுத்தல் என இலகுவானவற்றில் தொடங்கிக் கடினமானவற்றை நோக்கி அது சென்றது. மனனம் செய்த பாடத்தை அது கேட்கவில்லை. அன்றாட வாழ்வில் பிள்ளை பயன்படுத்தும் நிதானத்தையும் விளக்கத்தையுமே தேடியது. 1908 இல் அதனைத் திருத்தி, மூன்று வயது முதல் பதின்மூன்று வயது வரை அந்தந்த வயதுப் பிள்ளைகளில் பெரும்பாலோர் செய்யக்கூடியவற்றை வகைப்படுத்தினர். 1911 இல் மற்றுமொரு திருத்தம் வந்தது.

ஆயின் பினே அங்கே நின்றுவிடவில்லை என்பதே நாம் அழுத்திக் கூற விரும்புவது. பின்தங்கியவனைக் கண்டறிவது அவனை ஒதுக்குவதற்காக அன்று, உதவுவதற்காகவே. 1909 இல் வெளிவந்த அவரது நூல், அறிவு வளர்க்கப்படக்கூடியது என்பதை எடுத்துரைத்தது. வளைந்த உடலை நிமிர்த்தும் பயிற்சிபோல மனத்துக்கும் பயிற்சிகளை அவர் வகுத்தார். சைகை கிடைத்ததும் சிலையாக அசையாது நிற்றல், நீர் நிரம்பிய பாத்திரத்தைச் சிந்தாமல் சுமத்தல், சில கணங்கள் காட்டப்பட்ட பொருள்களை நினைவுகூர்தல் ஆகியன அவற்றுட் சில. கற்பதற்கு முன் கவனிக்கப் பழகவேண்டும் என்பதே அதன் தத்துவம். அவ்வாண்டு ஏப்ரலில் இத்தகைய பிள்ளைகளுக்கான சிறப்பு வகுப்புகளுக்குப் பிரான்ஸில் சட்டமும் இயற்றப்பட்டது. பெல்ஜியத்தில் வசதியான வீட்டுப் பிள்ளைகள் பாரிஸின் ஏழைப் பிள்ளைகளைவிட இச்சோதனையில் முந்தியபோது, குடும்பச் சூழலும் விடைகளில் பேசுகின்றது என்பதை அவர் கவனத்திற் கொண்டார்.

1911 ஒக்டோபர் 18 ஆம் திகதி, 54 ஆவது வயதில் பினே காலமானார். அதன் பின்னரே அவரது அளவுகோல் கைமாறியது. 1912 இல் ஜேர்மனியரான வில்லியம் ஸ்ரேர்ன், உளவயதை உண்மை வயதால் வகுக்கும் முறையை முன்வைத்தார். 1916 இல் அமெரிக்கரான லூயிஸ் ரேர்மன் அதனை நூறால் பெருக்கி ஓர் எண்ணாக்கினார். அமெரிக்காவுக்கு முதலில் இச்சோதனையைக் கொண்டுசென்ற ஹென்றி கொடார்ட், குடியேற வந்தோரை அதனைக் கொண்டு எடைபோட்டார். அவர்களின் மொழியும் பழக்கமும் வேறு என்பது கருத்திற் கொள்ளப்படவில்லை. 1927 இல் வேர்ஜினியா மாநிலத்தின் கட்டாயக் கருத்தடைச் சட்டம் செல்லும் என அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவ்வழக்கில் ஓர் இளம் பெண்ணுக்கு எதிராக நிறுத்தப்பட்ட சான்றுகளுள் உளவயதுக் கணிப்பும் ஒன்று. கைகொடுக்கச் செய்யப்பட்ட கருவி, கைவிலங்காக மாறிய கதை இது.

எனினும் அவரது பாதை முற்றாகத் தூர்ந்துவிடவில்லை. பினே பணியாற்றிய பாரிஸ் பாடசாலையில், அவர் மறைந்து சில ஆண்டுகளின் பின் சீமோனின் அனுசரணையுடன் பிள்ளைகளைச் சோதித்த சுவிற்சர்லாந்து இளைஞர் ஜீன் பியாஜே. சரியான விடைகளைவிடப் பிழையான விடைகளே அவரது கவனத்தை ஈர்த்தன. பிள்ளை ஏன் அவ்வாறு எண்ணுகின்றது என்ற கேள்வியிலிருந்து புதியதோர் உளவியலே பிறந்தது. தம் மகள்மாரிடம் பினே கேட்டதும் அதே கேள்விதான்.

பரீட்சைப் பெறுபேறுகள் வெளியாகும் நாட்களில் அதிக புள்ளி பெற்றோரின் படங்களைப் பத்திரிகைகளாகிய நாமும் பிரசுரிக்கின்றோம். அவர்கள் பாராட்டுக்குரியவர்களே. ஆனால் அப்பக்கத்தில் இடம்பெறாத பிள்ளை, அதே மாலையில் வீடு திரும்பி என்ன சொல்லைக் கேட்கின்றது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. ஒரு நாளில், ஒரு தாளில் கிடைத்த எண்ணை ஆயுட்காலத் தீர்ப்பாக மாற்றுவதற்குப் பினேயின் விஞ்ஞானத்தில் இடமில்லை. தமது கணிப்பே தவறாயிருக்கலாம் என்று இருமுறை ஒப்புக்கொண்ட அந்த அறிஞரின் அடக்கம், பிள்ளைகளை அளக்கும் பொறுப்பிலுள்ள ஒவ்வொருவருக்கும் வேண்டியதாகும். புள்ளி குறைந்த பிள்ளைக்கு அடுத்ததாக என்ன உதவி செய்யப்போகின்றோம் என்ற கேள்வியுடனேயே ஒவ்வொரு சோதனையும் முடிவடைய வேண்டும். அதற்காகவே அளவுகோல் ஆக்கப்பட்டது.