வணிகத்திலும் வழுவாத சமநிலை
(ஸ்ரீமத் ராஜசந்திரர் வாழ்வு)

சினம் என்பது பெரும்பகை நேர்ந்தபோது மட்டும் எழுவதன்று. வரவேண்டிய பணம் வாராதபோதும், பேருந்து காலந்தாழ்த்தபோதும், வாக்களித்தவர் தவறியபோதும் உள்ளம் கொதிக்கிறது. கல்லாவி, ஊத்தங்கரைப் பகுதிகளிலிருந்து ஓசூர், கிருஷ்ணகிரித் தொழிற்கூடங்களுக்கும் கடைவீதிகளுக்கும் சென்று பொருளீட்டுவோர் இதனை நன்கறிவர். சமபாவம் துறவியர்க்கே உரியது, இல்லறத்தார்க்கு அது எட்டாது என்று நாம் எளிதில் எண்ணிவிடுகிறோம். அவ்வெண்ணம் பொருந்தாது என்பதற்கு, மும்பை நகரில் இரத்தின வணிகம் செய்துகொண்டே ஆன்ம சாதனை புரிந்த ஸ்ரீமத் ராஜசந்திரரின் வாழ்வு சான்றாகும்.

இப்பெரியார் 1867ஆம் ஆண்டு கார்த்திகைப் பௌர்ணமியன்று, சௌராட்டிரத்தில் மோர்பிக்கு அருகிலுள்ள வவாணியா என்னும் சிற்றூரில் தோன்றினார். தந்தையார் வைணவ மரபினர். தாயார் சமண மரபினர். இளமையிலேயே வியத்தகு நினைவாற்றல் படைத்திருந்தார். பதினாறாம் வயதில் மோட்சமாலை என்னும் 108 பாடங்கள் கொண்ட நூலை இயற்றினார். 1887இல் மும்பையில் அறிஞர் பலர் முன்னிலையில் நூறு செய்திகளை ஒருங்கே மனத்திற் கொள்ளும் சதாவதானம் நிகழ்த்திப் பெரும்புகழ் பெற்றார். எனினும் அப்புகழ் ஆன்ம நெறிக்கு இடையூறு எனக் கண்டு, விரைவில் அவதானத்தை விட்டொழித்தார். கைக்கெட்டிய புகழைத் தாமே துறத்தல் எளிய செயலன்று.

1888இல் திருமணம் நிகழ்ந்தது. பின்னர் ரேவாசங்கர் ஜகஜீவன் என்பாருடன் கூட்டாக முத்து, வைர வணிகத்தில் ஈடுபட்டார். 1891இல் இங்கிலாந்திலிருந்து திரும்பிய காந்தியடிகள், டாக்டர் பிராண்ஜீவன் மேத்தா இல்லத்தில் இவரைச் சந்தித்தார். இலட்சக்கணக்கில் வணிகம் செய்த இவர், பேச்சு முடிந்தவுடன் சமய நூலையோ தம் குறிப்பேட்டையோ கையிலெடுத்து விடுவதையும், எந்நிலையிலும் மனஅமைதி குன்றாதிருந்ததையும் அடிகள் தம் சுயசரிதையில் வியந்து பதிந்துள்ளார். இவரைக் குருவாக ஏற்கவில்லையெனினும், தம் வாழ்வில் ஆழப் பதிந்தவருள் ஒருவராக இவரைப் போற்றினார். தென்னாப்பிரிக்காவில் சமய ஐயங்கள் வருத்தியபோது, 1894இல் அடிகள் எழுதியனுப்பிய 27 வினாக்களுக்கு இவர் பொறுமையுடன் விடையளித்தார்.

இவரைப் பற்றி வழங்கும் செய்தி ஒன்றுண்டு. குறித்த நாளில், குறித்த விலைக்கு வைரம் தருவதாக ஒரு வணிகர் இவருக்கு ஒப்பந்தம் எழுதித் தந்தாராம். இடையில் விலை பன்மடங்கு உயர்ந்தது. சொன்னபடி கொடுத்தால் அவ்வணிகர் குடும்பமே அழியும். ராஜசந்திரர் தாமே அவரை நாடிச் சென்று, ஒப்பந்தத்தாளைக் கிழித்தெறிந்து அவரை விடுவித்தார் என்பர். உரிமை தம் பக்கமிருந்தும் பிறர் துயரில் ஆதாயம் காண அவர் உள்ளம் ஒருப்படவில்லை. உலோபத்தை அடக்கியவரிடம் சினம் எங்ஙனம் தங்கும்?

வணிகச் சுமை அவர்க்கு இனிதாயிருந்தது என்று கருதலாகாது. துறவுபூண வேண்டுமென்னும் வேட்கை அவர் கடிதங்களில் பலவிடங்களில் வெளிப்படுகிறது. ஆயினும் முன்வினையின் உதயமாக வந்த கடமைகளை வெறுப்பின்றி ஏற்று, அவற்றைக் காண்பவராக நின்றார். வந்த நிலையை வெறுத்தால் புதுவினை கட்டும். விழிப்போடு நோக்கினால் பழவினை கழியும். இதுவே அவர் வாழ்ந்து காட்டிய நெறி.

நம் ஆகமங்கள் சினத்தைக் கல்லில், மண்ணில், மணலில், நீரில் இட்ட கோடுகளுக்கு ஒப்பிடுவதை நாமறிவோம். கல்லிற் கோடு அழியாது. நீரிற் கோடு உடனே மறையும். சினம் எழும்போதே அதனை உணர்ந்து, ஒரு கணம் பேசாது நின்றால், கல்லிற் கோடாக வேண்டியது நீரிற் கோடாகும். சாமாயிகத்தில் அமர்ந்து பழகிய சிராவகர்க்கு இப்பயிற்சி புதிதன்று. அதனைக் கடைக்கும் பணியிடத்திற்கும் எடுத்துச் செல்வதே அரிது.

1896இல் நடியாத் நகரில், ஆன்மா உண்டு, அது நித்தியம், வினை செய்வதும் துய்ப்பதும் அதுவே, வீடுபேறு உண்டு, அதற்கு வழியும் உண்டு என ஆறு உண்மைகளை நிறுவும் ஆத்ம சித்தி என்னும் 142 பாடல்களை இயற்றினார். பொன்னூர் மலையோடு நம் முன்னோர் இணைத்துப் போற்றும் குந்தகுந்தரின் பஞ்சாஸ்திகாயத்தைக் குஜராத்தியில் பெயர்த்ததும் இவரே. தமிழகத்தோடு தொடர்புடைய ஆசாரியரின் ஒளி, மேற்குக் கடற்கரை வணிகர் ஒருவரின் உள்ளத்தில் சுடர்விட்டது நமக்குப் பெருமையன்றோ!

பின்னர் உடல் நலிந்து மெலிந்தது. அந்நோயிலும் சமநிலை தளராது, 1901 ஏப்ரல் 9ஆம் நாள் ராஜ்கோட்டில் உடல் நீத்தார். அப்போது அவருக்கு வயது 33.

நம்முள் பலர் அவரினும் நெடிது வாழ்கிறோம். பெரிய துறவு நமக்கு இன்று கைகூடாது போகலாம். எனினும், நாளைக் காலை வாடிக்கையாளர் ஒருவர் கடுஞ்சொல் கூறும்போதோ, வீட்டில் பிள்ளை சொற்கேளாதபோதோ, மறுமொழிக்கு முன் ஒரு கணம் நின்று, எழுந்த சினத்தை நோக்குவது எவர்க்கும் இயலும். அக்கணமே உத்தம க்ஷமையின் தொடக்கம். அதனை நாள்தோறும் பயில்வோமாக.